பதினேழாம் எண் விருந்தினர் முள்ளெலியைப் பார்க்கவில்லை

ஒரு காட்டில், அதாவது பெயரளவில் மட்டுமே காடாக இருந்த ஒரு காட்டில், ஒரு முள்ளெலி தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. மரமே அதிகமில்லாத இடத்துக்கு எதற்குக் காடு என்று பெயர் என என்னிடம் கேட்காதீர்கள். தேரிக்காடு என்று பெயர் வைத்தவர்களிடம் கேளுங்கள். தெற்கே, கடலுக்குப் பக்கத்தில் கிடக்கும் சிவப்பு மணல் பாலைவனம் அது. அங்கங்கே பனையும் உடைமரமும் நிற்கும். காற்று அடித்தால் நேற்றைக்கு மேடாக இருந்தது இன்றைக்குப் பள்ளமாகிவிடும். நடுவில் ஒரே ஒரு சுனை. அந்தச் சுனைத் தண்ணீரை நம்பித்தான் அத்தனை உயிரும் அங்கே இருந்தன.

முள்ளெலியின் பெயர் சுயம்புக்கனி. மாங்காய் அளவு உடம்பு, முதுகு பூராவும் முள். யாராவது உற்றுப் பார்த்தால் போதும், முகத்தையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும். கூச்சம் என்று நினைக்காதீர்கள், பரம்பரைப் பழக்கம். கதை மரபுப்படி விலங்கை ‘அது’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று குட்டிகளைத் தனியாளாக வளர்க்கும் ஒருத்தியை அது, இது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இனி அவள் என்றே சொல்லப்போகிறேன். இஷ்டமில்லாதவர்கள் வேறு கதை படிக்கலாம்.

ஒரு மார்கழியில் அந்தத் தேரிக்கு முகாம் வந்தது. ‘செம்மணல் குளிர்கால முகாம். பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குங்கள். வனவிலங்குகளை அவற்றின் இயல்பான சூழலில் கண்டு களியுங்கள்’ என்று பலகை வைத்தார்கள். இயல்பான சூழலைப் பாதுகாப்பதற்காகச் சுனையைச் சுற்றி வேலி போட்டு, வேலிக்குள் இருபது கூடாரம் அடித்தார்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வீட்டுப் பூனைகள், அடுக்குமாடி நாய்கள், கூண்டில் வளர்ந்த கிளிகள் எல்லாம் குல்லா, மஃப்ளர், பைனாகுலர் சகிதமாக வந்து இறங்கின. மார்கழிக் குளிரில் பாலைவனத்தை ரசிப்பதுதான் அந்த வருடத்து நாகரிகம்.

முகாமுக்கு மேலாளர் ஒரு நரி. நரி வந்துவிட்டது, இனித் தந்திரம் வரும் என்று காத்திருப்பீர்கள். வராது. இந்த நரியார் வாழ்நாளில் ஒரு தந்திரமும் செய்ததில்லை. எல்லாமே விதிமுறைப்படிதான். தந்திரக்கார நரியாக இருந்திருந்தால் காலில் கையில் விழுந்தாவது சமாளித்திருக்கலாம்.

விதிமுறை இதுதான்: சுனையில் தண்ணீர் குடிக்க வேண்டுமானால் ‘காட்சி விலங்கு’ என்று பதிந்து அட்டை வாங்கியிருக்க வேண்டும். விருந்தினர் பார்ப்பதற்காகத்தான் விலங்கு. கண்ணில் படாத விலங்குக்கு எதற்குத் தண்ணீர்? கூட்டத்தில் நரியார் இதை வாசித்தபோது எல்லோரும் தலையாட்டினார்கள். மயில் முதல் நாளே பதிந்துகொண்டது. அதற்குக் காலை ஷிஃப்ட். ஆறரைக்கு ஒரு தடவை அகவ வேண்டும், ஏழு மணிக்குத் தோகை விரிக்க வேண்டும். முயலுக்கு ஏழேகாலுக்குப் பாதையைக் குறுக்கே தாண்டி ஓடும் வேலை. பனங்காடைக்கு மொட்டைப் பனையில் உட்கார்ந்து, கேமரா தயாரானதும் நீல இறக்கையை விரித்துப் பறக்கும் வேலை. வேலை முடிந்ததும் வரிசையில் நின்று, சுனைவாசலில் இரவும் பகலும் நிற்கும் காவலிடம் அட்டையைக் காட்டி, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

சுயம்புக்கனியும் பதிய வந்தாள். அலுவலக நேரம் பத்து மணி முதல் ஐந்து மணி வரை. முள்ளெலிகள் தூங்கும் நேரமும் அதுவேதான். தூக்கக் கலக்கத்தோடு, வெயில் கண்ணைக் கூச, வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்தாள். கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் ஓர் உடும்பு. பிடித்தால் விடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அப்போது அவர் பிடித்திருந்தது ஏழாம் எண் படிவம்.

“அண்ணாச்சி, நான் முள்ளெலி. பதியணும்.”

“போட்டோ?”

“போட்டோ எதுக்கு அண்ணாச்சி? நேர்லயே நிக்கேம்லா.”

“நிக்கிய, பாக்கேன். ஆனா உங்களத் தூக்கி ஃபாரத்துல ஒட்ட முடியாதுல்லா? விருந்தினர் யாராச்சும் எடுத்த போட்டோவா இருக்கணும். முகம் தெரியணும். ரெண்டு காதும் தெரியணும். நாலு காலும் தரையில இருக்கணும். முக்கியமா, இயல்பா இருக்கணும்.”

சுயம்புக்கனி விருந்தினர் பக்கம் போனாள். ரேணுகா என்ற சென்னைப் பூனை ஒன்று பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலியோரம் சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல பூனைதான். உயிரோடு இருப்பது எதையும் சாப்பிடாது, பாக்கெட்டில் வருவதை மட்டும்தான் சாப்பிடும். விஷயத்தைக் கேட்டதும் அதற்கு ஒரே சந்தோஷம்.

“நீங்க லோக்கலா? வாவ்! ஒரு நிமிஷம், அப்படியே இருங்க. ஒண்ணுமே பண்ணாதீங்க.”

பூனை கேமராவைக் கண்ணில் வைத்தது. கண்ணாடி வில்லை சுயம்புக்கனியை உற்றுப் பார்த்தது. அவ்வளவுதான். அவள் உருண்டையாகிவிட்டாள்.

மறுநாள் உடும்பு போட்டோவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இது ஊமத்தங்கா.”

“நான்தான் அண்ணாச்சி அது. சுருண்டுட்டேன்.”

“முகம் எங்க? காது எங்க? எனக்கு ஊமத்தங்காதான் தெரியுது. வேணும்னா தாவரப் பிரிவுல பதிஞ்சு தாரேன். அங்கன கூட்டமே இல்ல, ஒரு மணி நேரத்துல அட்டை கெடச்சிரும்.”

“தாவரத்துக்குத் தண்ணி உண்டுமா?”

“உண்டு. ஐப்பசியில.”

அவள் அப்போதே அழுதிருப்பாள். அழுவதற்கும் உடம்பில் தண்ணீர் வேண்டும் அல்லவா? வீட்டுக்குப் போய்ச் சுருளாமல் இருக்கப் பழகினாள். குட்டிகளை எதிரே வரிசையாக உட்காரவைத்து, “என்னையவே பாருங்கட்டி. கண்ண எடுக்கக் கூடாது” என்றாள். குட்டிகள் பார்த்தன. அவள் சுருண்டாள். குட்டிகள் சிரித்தன. திரும்பவும் விரிந்தாள், திரும்பவும் பார்த்தன, திரும்பவும் சுருண்டாள். முயலிடம் போய் யோசனை கேட்டாள். “கேமராவைப் பார்க்கையில வேற எதையாச்சும் நினைச்சுக்கோ” என்றது முயல். அவள் தண்ணீரை நினைத்துக்கொண்டு இரண்டாம் முறை நின்றாள். ஒரு காது மட்டும் விழுந்தது. மூன்றாம் முறை இரண்டு காதும் விழுந்தன. ஆனால் முகமும் கால் நான்கும் உள்ளே போயிருந்தன. பூனை சலிக்காமல் எடுத்துத் தந்தது. உடும்பும் சலிக்காமல் திருப்பித் தந்தார். மூன்று வாரம் இப்படியே ஓடிவிட்டது.

அதுவரை அவர்களைக் காப்பாற்றியது மார்கழிப் பனிதான். விடியற்காலையில் கூடாரக் கயிற்றிலும் உடை இலையிலும் நிற்கும் பனித்துளியைக் குட்டிகள் நக்கிக் குடித்தன. தை பிறந்தால் பனியும் குறைந்துவிடும். கடைக்குட்டியின் நாக்கு ஏற்கெனவே வறண்டு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பேசினால் டப்டப்பென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க, சுயம்புக்கனி தன் பங்குத் துளியையும் அதற்கே விட்டாள். கடைசியில் நரியாரிடமே போவது என்று முடிவு செய்தாள்.

நரியார் எழுந்து நின்று வரவேற்றார். மரியாதையில் குறை வைக்க மாட்டார்.

“ஐயா, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியாம என்னம்மா? உன்னக் குட்டியில இருந்து பாக்கேன். உங்கம்மையையும் எனக்கு நல்லாத் தெரியும். இதோ, இந்த மூக்குத் தழும்பு அவ முள்ளு குத்துனதுதான். மூணு தடவ கடிச்சுத் திங்கப் பாத்தேன், மூணு தடவையும் குத்து வாங்குனேன். தங்கமான பொம்பள.”

“அப்ப நான் முள்ளெலிதான்னு நீங்களே ஒரு வரி எழுதித் தாங்களேன்.”

நரியார் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “எனக்குத் தெரியறது ஆவணம் ஆகாதும்மா.”

“அந்தத் தழும்பையாவது போட்டோ எடுத்து ஒட்டலாமா?”

“அது என் மூக்கு. உன் விண்ணப்பத்துல என் மூக்கு எப்படி வரும்? நாளைக்குத் தணிக்கைக்கு வந்தா என்ன சொல்லுவேன்?”

அவர் சொன்னதில் ஓர் எழுத்து பிசகில்லை. சுயம்புக்கனி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் விடியும் நேரம். பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கயிற்றில் பனித்துளி தேடிக் குட்டிகளோடு வேலிக்கு அடியில் நுழைந்தவளுக்குக் குளிர் தாங்கவில்லை. ஒரு கூடாரத்து வாசலில் வெறும் ஸ்லீப்பிங் பேக் ஒன்று கிடந்தது. உள்ளே கதகதவென்று இருந்தது. ஒரே ஒரு நிமிஷம் என்று குட்டிகளையும் அணைத்துக்கொண்டு நுழைந்தவள், இத்தனை நாள் பகலெல்லாம் வரிசையில் நின்ற அசதியில் சுருண்டு தூங்கிப்போனாள்.

அந்தப் பை பதினேழாம் எண் விருந்தினருடையது. பதினேழாம் எண் ஒரு தட்டைமூக்கு நாய். குளிரில் மூக்கடைத்து, இரவெல்லாம் மூச்சுக்குத் திண்டாடி, இயற்கையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விட்டது. வெளியேறும் படிவம் ஒன்பது பக்கம் இருந்ததால் அதை நிரப்பாமலே போய்விட்டது. ஆகவே பதிவேட்டில் பதினேழாம் எண் இன்னும் முகாமில்தான் இருந்தது. பையில் பதினேழு என்று அட்டை தொங்கியது. பைக்குள்ளே உருண்டையாக எது கிடக்கிறதோ அதுதான் பதினேழு.

விருந்தினர் பணிக்கு இருந்த கௌதாரி வந்து பையை மெல்லத் தட்டியது. “மேடம், குட் மார்னிங். வெந்நீர் கொண்டாந்திருக்கேன். குடிக்கத் தனியா, முகம் கழுவத் தனியா.”

சுயம்புக்கனி பையின் வாயை உள்ளிருந்தே இழுத்து மூடினாள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தான் இதுவரை பேசாத ஒரு குரலில் சொன்னாள்: “அங்க வச்சிட்டுப் போங்க.”

வைத்துவிட்டுப் போனது. போட்டோ கேட்கவில்லை. காது கேட்கவில்லை. கால் எத்தனை என்று கேட்கவில்லை. சற்று நேரத்தில் கௌதாரி திரும்ப வந்தபோது அவள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “என்கூட மூணு பிள்ளைங்களும் வந்திருக்காங்க” என்றாள். பதிவேட்டில் பிள்ளைகள் இல்லை. ஆனால் விருந்தினர் சொன்னால் அதுவே ஆவணம் என்று இன்னொரு விதிமுறை இருந்தது. கௌதாரி மூன்று கிண்ணத்தில் பாலும் மூன்று குட்டிக் குல்லாவும் கொண்டுவந்து கொடுத்தது.

குட்டிகள் தண்ணீர் குடித்தன. முகம் கழுவ வைத்திருந்ததையும் குடித்தன. சுயம்புக்கனி தன் பங்கைத் தொடாமல், மூன்றும் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்குட்டி “அம்மா” என்றது. டப்டப் சத்தம் இல்லை. அவளுக்கு இப்போது அழுகை வந்தது, தாராளமாகவே வந்தது.

அன்று முதல் அவள் பதினேழாம் எண் ஆனாள். தட்டைமூக்கு நாய் விட்டுப்போன கம்பளிக் குல்லாவை நெற்றி வரை இழுத்துவிட்டு, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டாள். பார்க்கப்படுவது மேடம்தானே என்று, யார் உற்றுப் பார்த்தாலும் இப்போது அவள் சுருளவில்லை. பின்னால் குல்லாவைத் துளைத்து வெளியே நீட்டிய முட்களைப் பார்த்து, “செம ஹேர்கட், எந்த பார்லர்?” என்று ரேணுகா கேட்டது. சுயம்புக்கனி சிரித்து மழுப்பினாள். பூனை அவளை அடையாளம் காணவில்லை. கேமரா வழியாக அது பார்த்ததெல்லாம் உருண்டையைத்தானே?

விருந்தினராக இருப்பதும் லேசான வேலை இல்லை. காலை ஆறரைக்கு எழுந்து மயில் அகவுவதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டும். ஏழேகாலுக்கு முயலைப் பார்த்து “அதோ, அதோ!” என்று கத்த வேண்டும். பத்து மணிக்கு நரியார் எல்லோரையும் மணலில் நடத்திக் கூட்டிப்போய் விளக்கம் சொல்வார். ஒரு நாள் சுயம்புக்கனியின் சொந்த வளைக்கு முன்னாலேயே நின்று, “இது ஒரு காலத்தில் பாம்பு வாழ்ந்த புற்று” என்றார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“பாம்பா? வாசல் இவ்வளவு சுத்தமா இருக்கே. யாரோ குடும்பமா இருந்த வீடு மாதிரில்லா தெரியுது?”

நரியார் அவளைப் பார்த்தார். குல்லாவைப் பார்த்தார், குல்லாவைத் துளைத்த முள்ளைப் பார்த்தார். அவருடைய கை தன்னையறியாமல் மூக்குத் தழும்பைத் தடவியது. சுயம்புக்கனிக்கு உயிர் போய் உயிர் வந்தது. மற்றவர்கள் முன்னே நடந்ததும் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எனக்குத் தெரியறது ஆவணம் ஆகாதுன்னு ஏற்கெனவே சொல்லியிருக்கேன், மேடம். கவலைப்படாம நடங்க.”

பயம் தெளிந்த பிறகு அவளுக்குள் வேறொன்று நடந்தது. ஒரு காலை, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் சூடான டம்ளரோடு, தேரியில் சூரியன் உதிப்பதைப் பார்த்தாள். பனி விலக விலக, மணல் கருஞ்சிவப்பில் இருந்து ஆரஞ்சுக்கு மாறியது. பனைகளின் நிழல் நீளமாக விழுந்தது. காற்று மணலில் வரிவரியாக எழுதிவிட்டுப் போனது. பிறந்ததிலிருந்து இங்கேயேதான் இருக்கிறாள். ஆனால் தன் ஊர் இவ்வளவு அழகு என்று அவளுக்குத் தெரியாது. தண்ணீர் தேடவே பொழுது சரியாக இருந்ததால் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. வயிறும் தொண்டையும் நிறைந்திருந்தால்தான் இயற்கை கண்ணுக்குத் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள், காற்று கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, மணல் டம்ளரில் விழுகிறது என்று கௌதாரியைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டாள்.

அப்படி இருக்கும்போது கௌதாரி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டியது. “மேடம், நாளையோட உங்க தங்கல் முடியுது. கருத்துப் படிவம் எழுதிக் கொடுத்தா வண்டிக்குச் சொல்லிருவேன்.”

சுயம்புக்கனி தாளை வாங்கி வாசித்தாள். வண்டி எந்த ஊருக்குப் போகும்? அவளுடைய ஊர் வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் இருந்தது. அங்கே தண்ணீர் மட்டும்தான் இல்லை. குட்டிகள் குல்லாவோடு மணலில் விளையாடிக்கொண்டிருந்தன. இந்தப் பத்து நாளில் மூன்றுக்கும் கன்னத்தில் சதை வைத்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து தன் படிவத்தை எழுதிக்கொண்டிருந்த ரேணுகா பெருமூச்சு விட்டது. “எல்லாம் பாத்தாச்சு. இந்த முள்ளெலிய மட்டும் பாக்கவே முடியல. பலகையில பெருசா படம் போட்டிருக்காங்க. நான் வந்ததுல இருந்து ஒரு உருண்டையத்தான் போட்டோ எடுத்தேன்.”

சுயம்புக்கனி படிவத்தைத் திரும்ப வாசித்தாள். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: ‘குறை தெரிவிக்கும் விருந்தினரை, குறை தீரும் வரை முகாமிலிருந்து அனுப்பலாகாது.’ அவள் எழுதுகோலை எடுத்து, நிதானமாக எழுதினாள்: ‘முள்ளெலியைப் பார்க்கவில்லை. மிகுந்த ஏமாற்றம்.’

படிவம் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் முகாமே அல்லோலகல்லோலப்பட்டது. உடும்பு கவுண்டரை மூடிவிட்டு ஓடிவந்தார். நரியார் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை. குறை எழுத்தில் வந்துவிட்டது, இனி அது ஆவணம். அவளுடைய தங்கல் நீட்டிக்கப்பட்டது. முள்ளெலியைப் பார்க்காமல் போவதில்லை என்று ரேணுகாவும் காசு கட்டித் தன் தங்கலை நீட்டிக்கொண்டது. ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது. தை பிறந்து பனி நின்றது. வேலிக்கு வெளியே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தேரியை விட்டுப் போனார்கள். பதினேழாம் எண் தினமும் பைனாகுலரில் தேடிப் பார்த்து, “இன்னிக்கும் இல்லை” என்று உதட்டைப் பிதுக்கினாள். குட்டிகளுக்குத் தினமும் பால் வந்தது.

மேலிடத்திலிருந்து கடிதம் வந்த பிறகு நரியார் வேலியில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். ‘முள்ளெலி ஒன்று உடனே தேவை. போட்டோ தேவையில்லை. ஒரு முள்ளெலிக்கு மட்டும் அட்டை வழங்கப்படும். குட்டிகளுக்குப் பொருந்தாது.’

சுயம்புக்கனி அதை நான்கு தடவை வாசித்தாள். மூன்று வாரம் எதற்காக அலைந்தாளோ அது இப்போது வேலியில் தொங்கியது. குல்லாவைக் கழற்றிவிட்டுக் கவுண்டருக்குப் போனால் போதும். ஆனால் அட்டை ஒன்று, வாய் நான்கு. அவள் அங்கேயே நின்று வெகுநேரம் யோசித்தாள். பிறகு குல்லாவை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினாள்.

ஐந்தாம் நாள் ஒரு முள்ளெலி வந்தது.

அறிவிப்பைக் கேள்விப்பட்டு, கிழக்குத் தேரியிலிருந்து இரண்டு நாள் நடந்து வந்திருந்தது. வந்தவர் ஆதிலிங்கம். சுயம்புக்கனியின் கூடப் பிறந்த அண்ணன். அம்மா போன பிறகு அவளுக்குப் பூச்சி பிடித்துக் கொடுத்து வளர்த்தவர்.

நரியார் அவரைச் சமுக்காளத்தில் உட்காரவைத்து, விருந்தினர் எல்லோரையும் கூப்பிட்டார். குறை சொன்னவர் நேரில் பார்த்து, இதுதான் என்று கையெழுத்துப் போட்டால்தான் குறை தீர்ந்ததாகக் கணக்கு. அத்தனை பேரும் சுற்றி நின்று உற்றுப் பார்த்தார்கள். ஆதிலிங்கம் சுருளவில்லை. சுருள்வதற்கு அவர் உடம்பில் தெம்பு இல்லை. முகம் தெரிந்தது, இரண்டு காதும் தெரிந்தன, நான்கு காலும் தரையில் இருந்தன.

அவர் கண்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் போய், ஒரு குல்லாவுக்குக் கீழே வந்து நின்றன. வெடித்த உதடு விரிந்தது.

“ஏ சுயம்பு. நீயாம்மா?”

நரியார் எழுதுகோலோடு அவள் பக்கம் திரும்பினார். “மேடம், இவரத் தெரியுமா?”

பின்னால் நின்ற கடைக்குட்டி “மா...” என்று தொடங்கியது. சுயம்புக்கனி திரும்பாமலே ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் வாயில் திணித்தாள்.

தெரியும், இதுதான் முள்ளெலி என்றால் அண்ணனுக்கு இப்போதே தண்ணீர் கிடைக்கும். அவள் குறை தீர்ந்துவிடும். சாயங்கால வண்டியில் ஏற்றிவிடுவார்கள், அல்லது வேலிக்கு வெளியே விடுவார்கள். வெளியே பனியும் இல்லை. வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் வார்த்தை நன்றாக, கோர்வையாகவே வந்தது.

“யாருன்னு தெரியல. ஆனா படத்துல பாத்த முள்ளெலி இப்படி இல்லையே. அது நல்லா கொழுகொழுன்னு, துறுதுறுன்னு இருக்கும். இது ரொம்ப வாடிப்போயிருக்கு. இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்து, குளிர்ல கெடந்து கஷ்டப்பட்டோம்?”

“கரெக்ட்” என்றது ரேணுகா. “இதுல ஒரு லைஃபே இல்ல.” கிளிகளும் ஆமாம் ஆமாம் என்றன. கேமராவைத் தூக்கியவர்கள் எல்லோரும் இறக்கினார்கள்.

நரியார், தங்கையைப் பார்க்கும் அண்ணனையும், அண்ணனைப் பார்க்காத தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பதிவேட்டில், ‘விருந்தினர் ஏற்கவில்லை. குறை நீடிக்கிறது’ என்று எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆதிலிங்கம் கோபப்படவில்லை. பிஸ்கட் அடைத்த வாயோடு நின்ற கடைக்குட்டியைப் பார்த்தார். அதன் கன்னத்தைப் பார்த்தார். மற்ற இரண்டையும் பார்த்தார். மெதுவாகச் சமுக்காளத்தை விட்டு இறங்கினார்.

“தப்பா கூப்பிட்டுட்டேன், மேடம். என் தங்கச்சி சாயல் இருந்துச்சு, அதான். பிள்ளைகள நல்லா பாத்துக்கிடுங்க.”

சொல்லிவிட்டு, வேலியைத் தாண்டி வெயிலில் இறங்கிக் கிழக்கே பார்த்து நடந்தார். நாலு அடிக்கு ஒரு தடவை நின்றார். பதினேழாம் எண் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் ஏதோ பறவையைப் பார்க்கிறாள் என்று நினைத்தார்கள். அவர் மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கண்ணுக்கு மறையும் வரை அவள் அதை இறக்கவில்லை. இறக்கியதும் இருமினாள்.

கௌதாரி பதறிக்கொண்டு ஓடிவந்தது. “தண்ணி வேணுமா மேடம்?”

வேண்டும் என்றாள்.

நீதி: தாகம் எடுத்தவர்கள் நிற்கும் வரிசையில் நிற்காதீர்கள், அது நகராது. குறை சொல்பவர்கள் வரிசையில் நில்லுங்கள், தண்ணீர் தானாகக் கைக்கு வரும். கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் மட்டும் முன்கூட்டியே வெளியூருக்கு அனுப்பிவிடவும்.